எழுபது என்று போட்டால் பச்சை

ஈரி ஏரி உறையத் தொடங்கும் வாரத்தில்
ஓய்வுநிதிக் கம்பெனியின் கடிதம் வரும்.
உறைமேல் ஒரு பாய்மரப் படகு,
நரைத்த இருவர், குறையில்லாத பற்கள்.

வெர்னா ப்ருஷின்ஸ்கி, அறுபத்து மூன்று,
பாட்டில்மூடி செய்யும் ஆலையில் இருபத்தேழு வருஷம்.
சேர்த்தாள். தங்கவில்லை.
ஹீட்டர் செத்த ஜனவரியில் கொஞ்சம்,
தம்பியின் ஜாமீனுக்குக் கொஞ்சம்.
தன் பணத்தை எடுக்கத் தானே அபராதம் கட்டினாள்.
ஆலையே மூடிக்கிடந்த பதினொரு மாதம்
மிச்சத்தைத் தின்றது.
யாரும் சூதாடவில்லை.

சமையலறை மேசையில் லேப்டாப் கேட்கிறது:
எத்தனை வயதுவரை வாழ்வதாக உத்தேசம்?
தொண்ணூறு. சிவப்பு.
எண்பத்திரண்டு, அம்மா போன வயது. சிவப்பு.
எழுபத்தைந்து.
எழுபது என்று போட்டதும்
திரை பச்சையாகி
வாழ்த்துகள், சரியான பாதையில் போகிறீர்கள் என்றது.

வாய்விட்டுச் சிரித்தாள்.
நாய் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனது.

பிறகு, சந்தையில் பேரம் பேசுகிறவள் போல,
எழுபத்தொன்று.
சிவப்பு.

அந்த ஒரு வருஷம் என்ன விலை?
சம்பளச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்.
வாரம் ஒன்பது டாலர்.
வெள்ளிக்கிழமை மீன் வறுவல், ஏறக்குறைய.

மூன்று சதவீதத்தை நான்காக்கிவிட்டு
லேப்டாப்பை மூடினாள்.
மீனுக்கு அப்படியொன்றும் ருசியில்லை
என்று நாயிடம் சொன்னாள்.

ஆறு மணி ஷிஃப்ட்.
பெல்ட்டில் மூடிகள் வரும், வெள்ளை வெள்ளையாக,
எந்த பாட்டிலுக்கு என்று
இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.