மூக்கில் நூற்றெண்பது கிராம்

இதுவரை நான் கட்டிக்கொடுத்ததெல்லாம்
கீழே போனவை.
இருநூறு அடி, இருநூற்றிருபது,
வடுவூரில் ஒன்று முந்நூறும் தாண்டி.
நீர்மூழ்கி மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள் நான்.
வேலை சரியாக இருந்தால்
அதை யாரும் மறுபடி பார்க்கமாட்டார்கள்.

இது ஒன்பதடி இறக்கை, பதினொரு கிலோ.
ஷட்டரை முழுக்கத் தூக்கியும் குறுக்கே வரவில்லை.
இறக்கையைக் கழற்றி
டாடா ஏஸில் வைக்கோல் பரப்பி, போர்வை போர்த்தி
நீடாமங்கலத்திலிருந்து பாமணிக் கரைவரை
நிறைமாசக்காரியை ஏற்றிப்போவதுபோல்
உருட்டிக்கொண்டு போனோம்.

வைரக்கண்ணுவின் இரண்டு மா.
தை மழையில் உளுந்து அழுகிப்போன நிலம்.
தாளை அறுத்து, ஒரு வரப்பை வெட்டி, உருளை இழுத்து
ஓடுபாதை.
"பக்கத்து வயலும் எனதுதான். காய் பிடிச்சிருக்கு.
எங்க வேணா விழட்டும்
அதுல மட்டும் விழக்கூடாது."
விழும் என்றே எல்லாரும் பேசினார்கள்.
இறங்கும் என்ற சொல்லை
அன்று காலை ஒருவரும் எடுக்கவில்லை.

இறக்கையடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால்
வால் தாழ்ந்தது.
நாகப்பட்டினத்து வலைக்குண்டுகள், ஒன்று இருபது கிராம்,
மூக்குக்குள் ஒவ்வொன்றாய்த் திணித்தேன்.
ஒன்பதாவதில் நிமிர்ந்தது.

அமானுல்லா
சிங்கப்பூரில் எட்டு வருஷம் விமான இருக்கைக்கு உறை மாற்றியவன்;
ஞாயிறுகளில் மட்டும்
ரிமோட்டில் பறக்கவிடப் பழகியவன்.
"வலது" என்றான். வலப்பக்க மடிப்பு எழுந்தது.
"இடது." எழுந்தது.
"சோழகம் கிளம்புறதுக்குள்ள, அக்கா."

மூன்றாவது சுண்டலில் எஞ்சின் பிடித்தது.
மருந்தடிக்கிற விசைத்தெளிப்பான் சத்தமேதான்,
அதே புகை.
ஓடியது. வால் முதலில் எழுந்தது.
சக்கரம் மண்ணை விட்ட இடத்தை
நான் பார்க்கவில்லை.
ஏழு மாசம் அதற்காகத்தான் ராத்திரி முழித்தேன்,
அந்த நேரம் பார்த்து இமைத்திருக்கிறேன்.

தென்னை வரிசைக்கு மேலே.
மணலாய்க் கிடந்த ஆற்றுக்கு மேலே.
கொக்குகள் கலைந்து, கொஞ்சம் யோசித்து,
அதே இடத்தில் உட்கார்ந்தன.
"இடது இழுக்குது" என்று அமானுல்லா
கட்டைவிரலால் இரண்டு சொடுக்கு கொடுத்தான்.
நேரானது.

நாலாவது நிமிஷம், இரண்டாம் திருப்பத்தில்
சத்தம் அறுந்தது.

இந்த அமைதி எனக்குத் தெரியும்.
மோட்டார் எரிந்தால் முதலில் வருவது இதுதான்;
பிறகுதான் சைக்கிளில் ஒருவர் கடைக்கு வருவார்.
கண்ணை மூடப்போனேன்.

ஆனால் அது விழவில்லை.
எஞ்சின் இல்லாமலும் அதற்கொரு வழி இருந்தது.
கட்டினவளுக்கே தெரியாத வழி.
காற்று இறக்கையை உரசும் மெல்லிய இரைச்சல்,
அரிசி புடைப்பதுபோல.

"ஓடுபாதை எட்டாது."
"ரோடு?"
"கரண்டுக் கம்பி."
மூன்றாவதை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
பின்னாலிருந்து வைரக்கண்ணுதான் கத்தினார்:
"எறக்குய்யா! உளுந்துல எறக்கு!"

பச்சை வாங்கிக்கொண்டது.
காய்கள் சடசடவென்று.
ஒரு சக்கரக்கால் வளைந்தது, விசிறி முறிந்தது,
இறக்கையில் கீறல்கூட இல்லை.

வைரக்கண்ணு குனிந்து எண்ணினார்.
அறுபத்து மூன்று செடி.
காசு வேண்டாமாம்,
அடுத்த காயில் கட்டும்போது பாதிக் கூலியாம்.
முக்கால் என்றேன்.
பாதியிலேயே நின்றார்.

டேங்குக்குள் டியூப் நழுவியிருந்தது.
நான் மாட்டிய டியூப்.
அமானுல்லா அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல்
நோட்டில் எழுதினான்: மூக்கு கனம்.
"ஒரு குண்டு எடுத்திடலாம், அக்கா."

சாயங்காலம் கடையில் ஒரு மோட்டார் காத்திருந்தது,
இன்னும் ஈரமாய், சேற்று வாடையோடு.
மூடியைக் கழற்றிக்கொண்டே
ஒருமுறை மேலே பார்த்தேன்.
ஷட்டர் பெட்டி.
ஒட்டடை.