உருக்கியபின்

நாரிச் நகரக் கம்பளி வணிகனுக்கு
இரண்டாம் மனைவி, ஹாவிஸ்.
வந்த வீட்டில் பன்னிரண்டு வெள்ளீயத் தட்டுகள்.
ஒன்றில் மட்டும்
கத்திக் கீறல்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.
செத்துப்போனவள் இடக்கைக்காரி.

வேலைக்காரிக்கு வைத்துப் பார்த்தாள்,
அடுக்கின் அடியில் செருகிப் பார்த்தாள்.
ஞாயிறுதோறும் எப்படியோ
விலாங்குமீனோடு
அவள் முன்னாலேயே வந்து உட்காரும்.

ஈஸ்டர் கழிந்ததும்
மொத்தத்தையும் கோணியில் கட்டி
ஈயக்கொல்லன் தர்ஸ்டனிடம் போட்டாள்.
வெண்ணெயாய் இளகின,
எல்லாம் ஒரே சட்டியில்.
கூலிக்கு ஒன்றைக் கழித்துக்கொண்டு
பதினொன்று கொடுத்தான்.
ஒரு கீறலில்லை. முகம் பார்க்கலாம்.

அன்றிரவு இறைச்சியை அறுக்கப் போனவள்
கத்தியோடு அப்படியே நின்றாள்:
ஒரு தட்டில் இருந்தவள்
இப்போது எதில் இல்லை?

பசியோடு கணவன்
தன் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான்.