நான்காம் வாசல்

டர்பன். மொபேனிக் கிடங்கில் இரவு ஒன்றேகால்.
நான்காம் வாசலில்
தனபாலனின் ஃபோர்க்லிஃப்ட் திரை
மறுபடி உறைந்தது.
"இங்கே மட்டும்தான்" என்றார்,
மூன்று வாரமாகச் சொல்வதை
முதல்முறை போலவே.

வாசலுக்கு மேலே சிபோனேலோவின் ரீடர்.
கூரையில் என் வைஃபை பெட்டிகள் பதினான்கு.
அவன் கம்பெனிக் கடிதத்தில் குற்றவாளி நான்.
என் கம்பெனிக் கடிதத்தில் அவன்.
இரண்டுக்கும் நகல் பெற்ற மேலாளர்
வீட்டில் தூங்குகிறார்.

நடுவே இரண்டு புள்ளி நாலு ஐந்து கிகாஹெர்ட்ஸ்,
யாரும் பட்டா வாங்காத நிலம்.
வாடகை இல்லை.
அதனால்தான் இந்த நெரிசல்.

மானியை விரித்தோம்.
திரையில் ஒரு முள்
ஏறி, இறங்காமல் நின்றது.
பெட்டி வந்தாலும் வராவிட்டாலும்
ரீடர் ஒரே மூச்சில் கூவிக்கொண்டிருந்தது:
யாரங்கே யாரங்கே யாரங்கே.

அதன் பக்கமும் நியாயம் உண்டு.
அட்டையில் ஒட்டிய சில்லுக்குச்
சொந்த மூச்சு கிடையாது.
இது கத்துகிற கத்தலில்தான்
அது கொஞ்சம் உயிர்த்துத்
தன் எண்ணை முணுமுணுக்கும்.
இது வாயை மூடினால் அதுவும் ஊமை.

என்னுடையதோ மரியாதைக்காரன்.
பேசுமுன் காதுகொடுக்கும்.
யாரோ பேசினால் ஒதுங்கும்,
கொஞ்சம் பொறுக்கும், மறுபடி காதுகொடுக்கும்.
கேட்டுக் கேட்டே
மூன்று வாரம் பட்டினி கிடந்திருக்கிறது.
நான் அதைக் கோளாறு என்று பதிந்திருக்கிறேன்.

சிபோனேலோ சிரித்தான்.
"என் அக்கா மாதிரி.
வீட்டில் அவள்தான் கடைசியாகச் சாப்பிடுவாள்."

ஏணியில் ஏறி
வாசலில் ஓர் ஒளிக்கண் பொருத்தினான்:
பெட்டி வந்தால் மட்டும் வாய் திற.
குரலையும் பாதியாகக் குறைத்தான்.
நான் என்னுடையதை ஒன்றாம் சேனலுக்கு இழுத்தேன்,
அவனுடையதை மேல்கோடிக்குத் தள்ளச் சொன்னேன்.
இடையில் சுவர் எழுப்பவில்லை.
சில மில்லிசெகண்டு மௌனம், அவ்வளவே.

இரண்டு நாற்பது. தனபாலன் வந்தார், போனார்,
திரை நகர்ந்தது.
நாற்பது பெட்டியில் முப்பத்தொன்பது எண் சொல்லின.
விட்டுப்போன ஒன்றைக்
கையால் எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்கு
எல்லாம் ஒருசேரத் தடுமாறின.
முள் அல்ல இப்போது, திரை முழுக்கப் புதர்.
நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னை.
கடிதம் எழுதுகிற அதே பார்வை.

சாப்பாட்டு அறைக் கதவு திறந்திருந்தது.
உள்ளே மைக்ரோவேவ் வெளிச்சத்தில்
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது
தனபாலனின் பீன்ஸ் கறி.
இன்னும் ஐம்பது செகண்டு.

யாரும் நிறுத்தப் போகவில்லை.