குறிப்புப் பத்தி

கல்லேரிவலசு, புல எண் 317.
அ-பதிவேட்டில் 'கல்லாங்குத்து' என்றிருந்தது.
எனக்கு முன்பிருந்த பதினோரு கிராம நிர்வாக அலுவலர்களும்
அதையே பார்த்து எழுதிவிட்டு மாறுதலில் போனார்கள்.

கல்தான். ஆனால் வட்டமாய்.
கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம் நாற்பத்தேழு வட்டம்.
நடுவே பலகைக்கல் அறை, அதில் ஓர் ஓட்டை:
கை நுழையும், தலை நுழையாது.
பாண்டியன் குழி என்கிறது ஊர்.
எந்தப் பாண்டியன் என்றால் சிரிக்கிறது.

பொக்லைன் வந்த ராத்திரி மூன்று போனது.
நாற்பத்து நாலு என்று திருத்தி அறிக்கை அனுப்பினேன்.
அரசிதழுக்குப் பத்தொன்பது மாதம்.
அதற்குள் இன்னும் ஆறு.
கிரஷருக்கு எந்தக் காலத்துக் கல்லும்
முக்கால் இஞ்ச் ஜல்லிதான்.

பிறகு நீலப் பலகை வந்தது.
நூறு மீட்டருக்குள் தோண்டக் கூடாது.
மீறினால் சிறை, அபராதம், அல்லது இரண்டும்.
ஆடிக்காற்றில் டேப் படபடக்க
சர்வேயர் ஒரு முனை, நான் ஒரு முனை.
சந்தோசமாகத்தான் இருந்தது,
தொண்ணூற்றாறாவது மீட்டர் வரை.

அங்கே ஒரு செம்மண் மேடு.
நாய் கிளறாமலிருக்க மேலே வேலாமுள்.
பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எண்ணவில்லை.
கீழ வளவுக்காரர்கள் புதைக்கிற இடம்.
பட்டா இல்லை. வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஐப்பசியில் பழனாள் செத்துப்போனாள்.
திம்மன் மண்வெட்டியோடு அலுவலக வாசலில் நின்றார்.
"தோண்டலாமுங்களா?"

நான்கு மீட்டர் தள்ளி, என்றேன்.
"அவ பெத்த புள்ள அங்கதானுங்க கெடக்குது."

பலகைப் பக்கம் கை நீட்டிக் கேட்டார்:
"அவிய செத்து எத்தன வருசமாச்சுங்க?"
இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும்.
"அத்தன வருசம் ஆகோணுமுங்களா எங்களுக்கும்?"

டேப்பைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

மூன்றடியில் மண்வெட்டி எதிலோ தட்டியது.
பானை ஓடு. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு.
திம்மன் அதைத் துடைத்தார், திருப்பிப் பார்த்தார்,
குழிக்குள் இறங்கி அவள் தலைமாட்டில் வைத்தார்.
விதிப்படி நான் அதைக் கைப்பற்றியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பதிவேட்டைத் திறந்து
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
'இடுகாடு. பயன்பாட்டில் உள்ளது.'
எப்போதிலிருந்து என்ற இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
'பலகைக்கு முன்பிருந்தே.'

அடித்தல் திருத்தலுக்கு எனக்கு அதிகாரமில்லையாம்.
விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது.
ஓட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.