சமன் என்றால் வந்தவருக்கு

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
பதினாறு கணினி, பதினாறு பேர்.
ஐப்பசி மழை. படிக்கட்டில் செருப்பின் மேல் செருப்பு.
இங்கிலாந்தில் மத்தியானம் மூன்று மணி என்றால்
காரைக்குடியில் இரவு எட்டரை.
ரக்பி. கோப்பை ஆட்டம்.
தோற்றவன் அன்றைக்கே வீட்டுக்கு.

எங்கள் வேலை எண்ணுவது:
யார் யாரைப் பிடித்தான்,
யார் கையிலிருந்து நழுவினான்.
ஓர் ஆட்டத்துக்கு அறுநூற்றைம்பது,
தப்பு ஒன்றுக்கு ஐந்து ரூபாய் பிடித்தம்.
முதல் வாரத்தில் எனக்கு விளங்கியது,
பந்து முன்னே போயாக வேண்டும், ஆனால்
பின்னால் நிற்பவனுக்குத்தான் கொடுக்கலாம்.
"எங்க மாமா நடத்துன சீட்டுக் கம்பெனி மாதிரி"
என்றாள் சௌந்தரவல்லி,
புதுவயலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

பதினாறு ஆட்டம் அடுத்த சுற்றில் எட்டாகும் என்று
எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.
கார்த்திகையில் மேனேஜர் வயிரவன்
எட்டு நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கினார்.
தப்பு அதிகம் போட்டவர்கள் முதலில்.
பதினாறும் பெற்று என்று வாழ்த்துவார்களே,
அதில் பாதி போயிற்று.

ஆஷ்கோம்ப் என்றொரு சின்ன ஊர் அணி.
அதில் இரண்டாம் எண், காதில் கட்டு,
பகலில் தபால்காரனாம்.
சேற்றில் புதைந்து எழுந்தால்
முகம் எது முதுகு எது தெரியாது.
அவன் எழுந்திருக்கும் விதத்தை வைத்தே அடையாளம் கண்டேன்:
முதலில் ஒரு முழங்கால்,
பிறகு கொஞ்சம் யோசனை, பிறகு மற்றது.

மாசியில் நாங்கள் நான்கு பேர்.
ஆஷ்கோம்ப் அயலூரில் ஆடியது. பத்துக்குப் பத்து.
கோடு தாண்டி வைத்ததும் ஆளுக்கு ஒன்று.
அப்படியானால் விதி என்னவென்று
வயிரவன் காகிதம் புரட்டிச் சொன்னார்:
சமன் என்றால் வந்தவருக்கு.
"செட்டிநாட்டுக்காரன் எழுதின விதி" என்றேன்.
விருந்தாளி ஜெயித்தான்.

பங்குனியில் அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைத்தார்கள்,
எட்டரை ஏழரையானது.
அரையிறுதி. அறையில் நானும் சௌந்தரவல்லியும்,
இரண்டு திரை, ஒரு மின்விசிறி.
எழுபத்தொன்பதாவது நிமிடம்,
பதின்மூன்றுக்குப் பத்து, ஆஷ்கோம்ப் முன்னே.
எதிரணியின் பதினான்காம் எண் ஓரமாக ஓடி வந்தான்.
என் தபால்காரன் பாய்ந்தான்.
கை இடுப்பைத் தொட்டது.
தொட்டது மட்டும்தான்.

ஏழு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
ஏழு தடவையும் நழுவினான்.
விசிலுக்குப் பிறகு அவன் ஜெயித்தவனிடம் நடந்து போய்
அவன் கழுத்தில் ஒட்டிய புல்லை எடுத்துவிட்டான்.
அதற்கு எங்கள் பலகையில் விசை இல்லை.
நான் 'பிடித்தான்' என்பதை அழுத்தினேன்.

திங்கட்கிழமை தணிக்கை வந்தது.
சௌந்தரவல்லி நான்கு தப்பு.
நான் மூன்று, பிறகு
எழுபத்தொன்பதாவது நிமிடத்துக்காக ஒன்று.
நான்குக்கு நான்கு.
இறுதி ஆட்டம் ஒன்று, நாற்காலி ஒன்று.
வயிரவன் பேனாவைக் கடித்தார்.
நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
"சமன்னா வந்தவருக்குத்தானே சார்,
இவ புதுவயல், நான் இந்தத் தெருதான்."
வேடிக்கைக்குச் சொன்னது.
அவர் எழுதிக்கொண்டார்.

இறுதி ஆட்டத்தன்று கொப்புடையம்மன் திருவிழா.
மைக்செட்டுக்குக் கீழே பஞ்சுமிட்டாயோடு நின்றேன்.
ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம்.
செல் அடித்தது.
"ஏய், ஒருத்தன் பாயுறான்,
பிடிச்சானா நழுவினானா தெரியலடி."
"ஏழு தடவை ஓட்டிப் பாரு" என்றேன்.
"பாத்துட்டேன்."
நாயனக்காரர் மூச்சை இழுத்தார்.
அவள் அடுத்துக் கேட்டது
எனக்குக் கேட்கவில்லை.