இரண்டு குறைகிறது

ஹாலிபர்ட்டனுக்கு வடக்கே ஓர் ஏரி.
மே மாதத்து நீண்ட வார இறுதி.
ஸ்காபரோவிலிருந்து மூன்று வான்களில்
நாற்பத்து மூன்று பேர்,
இரண்டு பெட்டி மாம்பழச் சாறு,
ஒரு கீபோர்ட்.
நடு வானை ஓட்டிப்போனவன் நான்.

எல்லோருக்கும் பச்சை டிசேர்ட்.
நெஞ்சிலே 'படைப்பைப் பேணு' என்று எழுத்து.
கழுத்துக்குள்ளே
'நூறு வீதம் பொலியெஸ்டர்' என்று எழுத்து.
இரண்டாவதைக் கண்டுபிடித்தவள் கெசியா,
பதினைந்து வயது.
சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல் போட்டுக்கொண்டாள்.

கறுப்பு ஈக்கள் காதோரம் ஓயாமல் செபித்தன.
"இதையும் அவர்தான் படைச்சவரோ, பாஸ்டர்?"
என்றான் மெர்வின்.
அடித்த கையைப் பார்த்தபடியே
ஆமென் என்றார் பாஸ்டர்.

ஞாயிறு காலை
படகுத்துறைப் பலகைகளின் மேல் திருவிருந்து.
அப்பம்: கடைப் பாண், ஓரம் வெட்டியது.
இரசம்: திராட்சைச் சாறு,
கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் கிண்ணங்களில்.
குடித்துவிட்டு என் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன்,
சும்மாதான்.
அடியில் சின்ன முக்கோணம்,
பக்கத்தில் வால் சப்பிய ஒரு நான்கு.
மூடி வைத்துவிட்டுத்
தலை குனிந்தேன்.

கண்கள் மூடியிருந்த அந்த நிமிடத்தில்
அக்கரையில் ஒரு லூன் கூவியது,
அடுத்த அறையில் யாரோ அழுகிற மாதிரி.
காற்று எழும்பியது. தட்டுச் சரிந்தது.

வெறுங்கிண்ணங்களுக்கு என்ன உற்சாகம்!
பலகையில் உருண்டு, ஒன்றையொன்று இடித்து,
சிவந்த உதடுகளோடு தண்ணீரில் குதித்துத்
தனித்தனியே
ஊழியத்துக்குப் புறப்பட்டன.

ஐஸ் உடைந்து ஒரு மாதம் ஆகாத ஏரி.
ஜீன்ஸைச் சுருட்டிக்கொண்டு,
கத்திக்கொண்டு, இறங்கினார்கள் பிள்ளைகள்.
கோரைப் புல்லின் அடியில் ஆறு.
கனூவின் நிழலில் ஒன்று.
கல்லிடுக்கில் கிடந்ததில்
நீர்ப்பூச்சி ஒன்று ஏற்கெனவே குடியேறியிருந்தது;
அதைக் காலிசெய்யச் சொல்லிக்
கெஞ்சிக்கொண்டிருந்தான் மெர்வின்.

மதியத்துக்குள் நாற்பத்தொன்று.

"விடு பிள்ளை, சின்னச் சாமான்தானே.
புரியாணி ஆறுது."
முழங்கால் தண்ணீரில் நின்று கெசியா கேட்டாள்:
"தொண்ணூற்றொன்பதையும் விட்டிட்டு
ஒண்டைத் தேடிப் போனவரெண்டு
நேற்று இரவு நீங்கள்தானே சொன்னீங்கள்?"
கோபமில்லை.
உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான்.

பாஸ்டர் சப்பாத்தைக் கழற்றினார்.
இடது சொக்ஸில் ஓட்டை.
இறங்கினார்.

நான் இறங்கவில்லை.
சட்டி கழுவ வேண்டும் என்றேன்.

சொல்லாமல் விட்டது இது:
எலஸ்மியர் வீதிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை,
ஏழு வருட இரவு வேலை.
நான்காம் இலக்க அச்சு என்னுடையது.
மூடும், பெருமூச்சு விடும், திறக்கும்.
ஒரு தடவைக்கு முப்பத்திரண்டு.
மருந்து ஊற்றவென்றுதான் நினைத்திருந்தேன்.
நான்கின் வால் சப்பியிருப்பதை
ஒருதரம் முறையிட்டேன்,
யார் பார்க்கப்போகிறார்கள் என்றார்கள்.
படைத்தவன்தான் நானும், ஒரு கணக்கில்.
நல்லது என்று கண்டேனா?
ஞாபகமில்லை.

மற்ற இரண்டும் கிடைக்கவில்லை.
ஒன்று என் உதடு பட்டதாயும் இருக்கலாம்.
இரவு நெருப்பைச் சுற்றிப் பாட்டு நடந்தது.
கெசியா மட்டும் டோர்ச்சோடு
கரையோரமாக நடந்துகொண்டிருந்தாள்.
வெளிச்சம் நிற்கும், குனியும், நகரும்.

திங்கள் திரும்பும்போது
பாண் பையில் நாற்பத்தொன்றையும் கட்டி
மடியில் வைத்தபடி தூங்கிவிட்டாள்.
மேடு பள்ளத்தில் கலகலவென்று சத்தம்.
நான் மெதுவாகவே ஓட்டினேன்.

செவ்வாய் இரவு அச்சுத் திறந்தது.
குனிந்து எண்ணத் தொடங்கினேன்.
சூடாக இருந்தன.
பாதியில் கணக்குப் பிசகி
முதலிலிருந்து எண்ணினேன்.

மேற்பார்வையாளர் ரொமுவால்டோ
கைவிளக்கோடு வந்து, தானும் குனிந்து,
என்ன தொலைத்துவிட்டாய் என்று கேட்டார்.