நாலுக்கு மூணு

மதிப்பெண்ணுக்கு ஏற்ப முகத்தை வெட்டுவது என் வேலை.
திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு,
டயர் கடைக்கு மாடியில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங்.
பள்ளிக்கூடத்துக்காரர்கள் அனுப்பும் கணக்கு எளிது:
அறுநூறுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறைத் தாண்டினால்
நாலுக்கு மூணு அடி.
ஐந்நூற்றெண்பது என்றால் இரண்டுக்கு ஒன்றரை.
அதற்குக் கீழே தபால்தலை.
அதற்கும் கீழே முகம் கிடையாது,
'மற்றும் பலர்' என்று எழுத
நல்ல எழுத்துரு ஒன்று வைத்திருக்கிறேன்.

மே மாதம் மௌலிகா நாலுக்கு மூணாக இருந்தாள்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன்.
டை இடப்பக்கம் சாய்ந்திருந்தது, நேராக்கினேன்.
நெற்றியில் ஒரு பரு, துடைத்தேன்.
நாலடி முகத்தில் பரு
அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்து நிற்கும்.
பதினாறு நாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
மலையைப் பார்த்தபடி நின்றாள்.

ஜூனில் நீட் வந்தது.
அதே பள்ளி, அதே சீருடை.
"போன பேனரையே எடுத்து மார்க்கை மாத்தீருங்க."
பின்னாலேயே இன்னொரு செய்தி:
"மொத வரிசைல மூணாவது புள்ளையத் தூக்கீருங்க."
முந்நூற்றுப் பதினெட்டாம்.

தூக்கினேன்.
ஒரு ஆளைத் தூக்கினால் ஓட்டை விழும்.
அந்தப் பக்கத்துப் பையனின் தோளைக் கொஞ்சம் இழுத்து,
இந்தப் பக்கத்துப் பெண்ணின் சடையைக் கொஞ்சம் அகட்டி,
மிச்சத்துக்கு நீலம் ஊற்றினேன்.
ஏழு நிமிஷ வேலை.

எனக்கும் ஒரு எண் உண்டு.
நூற்றுத் தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு ஐந்து.
கோவையில் நான் கேட்ட இடம்
புள்ளி ஐந்தில் மூடிக்கொண்டது.
கெமிஸ்ட்ரியில் ஒரே ஒரு மார்க்,
கட்-ஆஃபில் அது கால்.
ஒரே எண்ணில் இரண்டு பேர் நின்றால்
பிறந்த தேதி பார்ப்பார்கள்,
அதுவும் ஒன்றானால் கம்ப்யூட்டர்
ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கிப் போடும் என்று
கவுன்சிலிங் புத்தகத்தில் இருந்தது.
புள்ளிக்குப் பின்னால் அவ்வளவு தூரம் அளந்தவர்கள்
கடைசியில் சோழி உருட்டுகிறார்கள்!
அந்தப் பக்கத்தை மட்டும்
சிரித்துக்கொண்டே படித்தேன்.

போன செவ்வாய் ஒருவர் படியேறி வந்தார்.
ரிக் வண்டி ஆள்.
சத்தீஸ்கரிலிருந்து நேராக இறங்கியிருப்பார் போல,
புருவத்தில் பாறைமாவு.
"ஏனுங்க, மௌலிகான்னு ஒரு புள்ள படம்,
போன மாசம் பெருசாப் போட்டீங்களே,
இருக்குதுங்களா?
பாஸ்போர்ட் சைஸ்ல எட்டு வேணும்."
கால்நடைக் கல்லூரிக்கு.
அங்கே நீட் வேண்டாமாம், பன்னிரண்டாவது மார்க்குப் போதுமாம்.
செத்த எண் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"ஒரு பக்கம் பெருசுங்கறாங்க,
ஒரு பக்கம் பத்தாதுங்கறாங்க" என்று
ஆறுதலாக எதையோ ஆரம்பித்தேன்.
அவர் ஆறுதலுக்கு வரவில்லை.

"அது ரேட்டுங்க.
முந்நூறு அடி வரைக்கும் ஒரு ரேட்டு,
அதுக்குக் கீழ நூறடிக்கொருக்கா ஏறும்.
பாறை ஒண்ணுதானுங்க."

"ஒண்ணேதானுங்களா?"

"சில எடத்துல மாறும்" என்று சிரித்தார்.
"ஆனா அது ரேட்டுக்குத் தெரியாதுங்க."

கோப்பைத் திறந்தேன்.
மௌலிகா ஃபைனல் இரண்டு.
நேரான டை, வழவழத்த நெற்றி.
இது விண்ணப்பத்துக்கு ஆகாது என்று தோன்றியது,
ஏனென்று சொல்லத் தெரியவில்லை.
பள்ளி முதலில் அனுப்பிய படத்தைத்
தேடிப் பிடித்தேன்.
டை சாய்ந்தபடி, பரு இருந்த இடத்தில் பரு.
மூன்றரைக்கு நாலரை, சென்டிமீட்டர்.
எட்டுப் படம், ஐம்பது ரூபாய்.

ஒவ்வொன்றாகக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.
"இதுல என்ற புள்ளையாட்டமே இருக்குது."
சட்டைப் பைக்குள் வைத்துப் படியிறங்கியவர்
பாதியில் நின்று திரும்பினார்.

"அந்தப் பரு இப்பப் போயிருச்சுங்க."